கல்லூரிக் கற்றல் தளத்தில் புதிய மென்பொருள் இணைப்பு: கோரிக்கையும் முடிவும்

1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள், இந்தியாவின் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களில் செயற்கைக்கோள் வழிக் கல்வி ஒளிபரப்பு தொடங்கியது. அமெரிக்க விண்வெளி நிறுவனம் ஓராண்டுக் காலத்திற்குக் கொடுத்துதவிய செயற்கைக்கோளைக் கொண்டு நடைபெற்ற 'சைட்' சோதனை அது. 1984-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தொலைக்காட்சி வாயிலாக 'நாடு தழுவிய வகுப்பறை' நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தது. 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று கல்விக்கெனவே அமைக்கப்பெற்ற 'எடுசாட்' செயற்கைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று 'ஸ்வயம்' இணையவழிப் பாடத்திட்டம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இவை யாவும் பெருந்திட்டங்கள். எந்தக் கருவி, எந்த நிகழ்ச்சி, எந்த நேரம் என்பன ஒரு மையத்தில் முடிவு செய்யப்பட்டன. கிராமமும் கல்லூரியும் அவற்றைப் பெற்றுக்கொண்டன. அக்கருவியில் மற்றொன்றைச் சேர்த்துத் தர வேண்டுமென்று ஓர் ஆசிரியர் விண்ணப்பம் எழுதுவதற்கு அங்கே இடமில்லை.

கல்லூரிகள் தத்தமக்கென இணையக் கற்றல் தளங்களை அமைத்துக்கொண்ட பின்னர் நிலைமை மாறியது. பாடக் குறிப்புகள், ஒப்படைப்புகள், வினாடிவினாக்கள், மதிப்பெண்கள் ஆகிய அனைத்தும் அத்தளத்தில் இடம்பெறுகின்றன. அதனுடன் எந்த மென்பொருளை இணைப்பது, எதைத் தவிர்ப்பது என்னும் முடிவு, மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு கலைக் கல்லூரியின் கணிப்பொறி மையத்திலேயே எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் ஒரு பக்கக் கோரிக்கை, ஒரு கையொப்பம் ஆகியவற்றோடு அம்முடிவு நிறைவடைகிறது. அந்த ஒரு பக்கத் தாளே இவ்வுரையின் பொருள். கேட்பவர்களாகிய மாணவர்களும், முடிவு செய்பவர்களாகிய அலுவலர்களும் ஒருங்கே அமர்ந்திருக்கும் அவையில் இதனை ஆராய்வது பொருத்தமாகும்.

கோரிக்கை எவ்வாறு பிறக்கிறது?

உலகெங்கும் பல கல்வி நிலையங்கள் பயன்படுத்தும் கற்றல் தளங்களுள் 'மூடுல்' குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய இம்மென்பொருளின் முதற்பதிப்பு 2002-ஆம் ஆண்டு வெளிவந்தது. இது திறந்த மூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை. எவரும் இதன் உள்ளமைப்பைப் பார்க்கலாம், மாற்றலாம். இந்தியாவிலும் பல கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இதனைத் தம் சர்வர்களில் நிறுவியுள்ளன.

எனினும் எந்தத் தளமும் எல்லாத் துறைகளின் தேவையையும் தானே நிறைவேற்றிவிட இயலாது. கணித ஆசிரியர் வட்டத்தையும் தொடுகோட்டையும் திரையில் நகர்த்திக் காட்ட 'ஜியோஜீப்ரா' வேண்டுமென்கிறார். கணிப்பொறி அறிவியல் துறைக்கு, மாணவர் எழுதிய நிரலை உடனே இயக்கிப் பார்த்து மதிப்பெண் வழங்கும் 'கோட்ரன்னர்' போன்ற கருவி தேவைப்படுகிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவான கருவி அது. மொழித் துறை மாணவரின் உச்சரிப்பைப் பதிவு செய்ய விரும்புகிறது. நூலகர் மின்னிதழ்களுக்குத் தளத்திலிருந்தே வழி அமைக்கக் கேட்கிறார். தேர்வுப் பிரிவோ மதிப்பெண்களை மறுபடியும் கையால் பதிய வேண்டாத ஏற்பாட்டை நாடுகிறது. இவை ஒவ்வொன்றும் நியாயமான தேவையே.

இவ்வாறு வெளியிலுள்ள கருவியைத் தளத்துடன் சேர்ப்பதில் மூன்று முறைகள் உள்ளன. அலுவலர் இம்மூன்றின் வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முதலாவது, வெறும் இணைப்பு முகவரியைப் பாடப்பக்கத்தில் இடுவது. இதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை. ஆனால் மாணவர் வெளித்தளத்திற்குச் சென்று, பெயர், மின்னஞ்சல், சில வேளைகளில் கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொடுத்துத் தனிக் கணக்குத் தொடங்க நேரிடுகிறது. எளிதாகத் தோன்றும் இம்முறையில்தான் மாணவரின் விவரங்கள் மிகுதியாக வெளியேறுகின்றன.

இரண்டாவது, செருகுநிரல் எனப்படும் துணை மென்பொருளைக் கல்லூரியின் சர்வரிலேயே நிறுவுவது. பல செருகுநிரல்களில் விவரங்கள் கல்லூரியை விட்டு வெளியே போவதில்லை. ஆயினும் தளம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் செருகுநிரலும் அதற்கேற்பப் புதுப்பிக்கப்பட வேண்டும். மூடுலின் பெரும் பதிப்புகள் ஆண்டுக்கு இரண்டாக வெளிவருகின்றன. செருகுநிரலை எழுதியவர் அதனைக் கைவிட்டுவிட்டால், கல்லூரி தன் தளத்தைப் புதுப்பிக்காமல் பாதுகாப்புக் குறைபாட்டுடன் நிறுத்திவைக்க வேண்டும். அல்லது அக்கருவியை இழக்க வேண்டும்.

மூன்றாவது, 'எல்.டி.ஐ.' என்னும் பொதுத் தரநிலையின் வழியே இணைப்பது. கற்றல் தளமும் வெளிக் கருவியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு உரையாடுவதற்காக வகுக்கப்பட்ட விதிமுறை இது, இதன் 1.3 பதிப்பு 2019-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. மாணவர் கல்லூரித் தளத்தில் ஒருமுறை நுழைந்தால் போதும். கையொப்பமிடப்பட்ட மின்செய்தி ஒன்றின் மூலம் அவர் இன்ன பாடத்தின் மாணவர் என்பதைத் தளமே கருவிக்குத் தெரிவிக்கிறது. கடவுச்சொல் கல்லூரியை விட்டு வெளியே செல்வதில்லை. கருவியில் பெற்ற மதிப்பெண் தானே தளத்திற்குத் திரும்பி வருகிறது.

மூடுலில் இம்மூன்றாம் முறையை அமைக்கும்போது, மாணவரின் பெயரைக் கருவிக்கு அனுப்பலாமா, மின்னஞ்சலை அனுப்பலாமா, மதிப்பெண்ணைத் திரும்பப் பெறலாமா என்று நிர்வாகியிடம் வினவப்படுகிறது. பெயரையும் மின்னஞ்சலையும் மறுத்துவிட்டாலும் ஓர் அடையாள எண் மட்டும் செல்லும். மதிப்பெண் உரிய மாணவரின் கணக்கில் சரியாகவே பதிவாகும். ஆசிரியருக்கு இதனால் குறைவு ஏதுமில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மாணவரின் பெயர்ப்பட்டியல் ஒரு நிறுவனத்தின் கைக்குச் செல்வதும் செல்லாதிருப்பதும் இந்தச் சிறு தேர்வைப் பொறுத்தே அமைகிறது. கருவி பெயரின்றி இயங்க மறுக்குமாயின், அது ஏன் மறுக்கிறது என்று கேட்பது நிர்வாகியின் கடமையாகும்.

வழி அடைபட்டால் விளைவது என்ன?

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டன. ஆயத்தம் செய்ய அவகாசமில்லை. ஆசிரியர்கள் தமக்குத் தெரிந்த செயலிகளைக் கொண்டு வகுப்பைத் தொடர்ந்தனர். அந்த நெருக்கடியில் அவர்கள் செய்த தொண்டு போற்றத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று, 'ஸூம்' பாதுகாப்பான தளமன்று என்று மத்திய உள்துறை அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது. அதனைப் பயன்படுத்த விரும்பும் தனிநபர்கள் ஒவ்வொரு கூட்டத்திற்கும் புதிய கடவுச்சொல் அமைத்தல், காத்திருப்பு அறையை இயக்கி வைத்தல், திரைப் பகிர்வை நடத்துநருக்கு மட்டும் உரியதாக்குதல் முதலிய அமைப்புகளைச் செய்துகொள்ள வேண்டுமென்றும் அது விளக்கியது. ஒரு கருவியின் தீங்கும் நன்மையும் பெரிதும் அதன் அமைப்புகளைச் சார்ந்தவை என்பதும், அவற்றைச் சரிபார்க்கக் கல்லூரியில் ஒருவர் வேண்டும் என்பதும் அதிலிருந்து பெறப்படும் பாடங்களாகும்.

நெருக்கடி நீங்கிய பிறகும் சில பழக்கங்கள் நீங்கவில்லை. முறையான கோரிக்கைக்குப் பதில் வராத கல்லூரியில், ஆசிரியர்கள் தத்தம் விருப்பப்படி வெளிக் கருவிகளைப் பயன்படுத்துவது இயல்பாகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு மாணவிக்கு அரையாண்டுக்கு ஆறு தாள்கள். ஒருவர் ஒப்படைப்பை ஒரு செயலியில் கேட்கிறார். மற்றவர் வினாடிவினாவை வேறொன்றில் நடத்துகிறார். மூன்றாமவர் குறிப்புகளைக் கைப்பேசிக் குழுவில் அனுப்புகிறார். ஆறு கணக்குகள், ஆறு கடவுச்சொற்கள், வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியில் இடமில்லாத அளவுக்குச் செயலிகள். ஒரு ஒப்படைப்பின் கடைசி நாள் அவள் கண்ணில் படாமலே கடந்துபோகிறது. அகமதிப்பீட்டில் மதிப்பெண் குறைகிறது. இதற்கு எந்தப் பதிவேட்டிலும் காரணம் எழுதப்படுவதில்லை. சோம்பல் என்றே அது கொள்ளப்படுகிறது.

ஆகவே, கோரிக்கைகளை மறுப்பதனால் தளம் பாதுகாப்பாக இருக்கிறது என்று கருதுவது பிழை. மறுக்கப்பட்ட கருவி பின்வாசல் வழியே வந்து சேர்கிறது. கேட்பதற்குத் தெளிவான வழியும், காலத்தில் விடையும் இருந்தால்தான் பொதுவழி பயன்படுத்தப்படும்.

சட்டம் விதிக்கும் பொறுப்பு

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்பொருளில் முதன்மையானது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்களுக்குப் பின்னர் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. தரவுகளைத் திரட்டும் அமைப்பு தன் சார்பில் வேறொருவரைக் கொண்டு அவற்றைக் கையாளும்போது, முறையான ஒப்பந்தம் இருத்தல் வேண்டுமென்றும், பொறுப்பு திரட்டிய அமைப்பையே சாருமென்றும் அச்சட்டம் கூறுகிறது. கல்லூரிக்கு இதன் பொருள் வெளிப்படை. வெளிக் கருவியிலிருந்து மாணவர் விவரங்கள் கசிந்தால், "அது அந்நிறுவனத்தின் தவறு" என்று கூறிக் கல்லூரி ஒதுங்கிவிட இயலாது.

பதினெட்டு வயது நிறையாதவரை இச்சட்டம் குழந்தையாகவே கொள்கிறது. பட்டப்படிப்பின் முதலாண்டில் சேரும் பலர் பதினேழு வயதினர். பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஒரு வினாடிவினாச் செயலியை இணைக்கும் கோப்பில் கையொப்பமிடும் முதல்வர் இவற்றை மனத்தில் கொள்ள வேண்டியவராகிறார்.

இரண்டாவதாக, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது ஐந்து விழுக்காடு இடங்களை ஒதுக்குகிறது. இடம் கொடுத்துச் சேர்த்த பின்னர், பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கு எட்டாத கருவியில் கட்டாயத் தேர்வு நடத்துவது, வாயிலைத் திறந்து படிக்கட்டை அகற்றுவதற்கு ஒப்பாகும். இதனைச் சோதிக்க வல்லுநர் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. சுட்டியைத் தொடாமல் விசைப்பலகை கொண்டே கருவியின் முதற்பக்கத்திலிருந்து விடையைச் சமர்ப்பிக்கும் பக்கம் வரை செல்ல முடிகிறதா என்று பார்ப்பது முதற்படி. பார்வையற்ற மாணவர் ஒருவரையே அழைத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்வது அதனினும் சிறந்த சோதனை.

மூன்றாவதாக, 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு திறந்த மூல மென்பொருள்களை ஏற்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அரசு அமைப்புகளின் மின்னாளுகைப் பணிகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிப்பது அதன் நோக்கம். கல்லூரிகளும் பின்பற்றத்தக்க நெறி அது. கட்டணக் கருவியைக் கோருமுன், அதே பணியைச் செய்யும் திறந்த மூலக் கருவி உண்டா என்று பார்ப்பது பொருத்தமாகும். காணொலி வகுப்பிற்கான 'பிக்புளூபட்டன்' என்னும் திறந்த மூல மென்பொருளை அழைக்கும் வசதி, 2022-இல் வெளிவந்த மூடுல் 4.0 பதிப்பு முதல் அத்தளத்திலேயே அமைந்துள்ளது.

நல்ல கோரிக்கையின் இலக்கணம்

கோரிக்கைகளில் பொதுவாகக் காணப்படும் குறை, அவை தேவையைக் கூறாமல் ஒரு பொருளின் பெயரைக் கூறுவதாகும். "இன்ன செயலியை இணைத்துத் தருக" என்று மட்டும் எழுதினால், அலுவலர் ஆம் அல்லது இல்லை என்று கூறுவதைத் தவிர வேறு வழியில்லை. "எண்பது மாணவர்களுக்கும் வெவ்வேறு எண்களைக் கொண்ட புள்ளியியல் கணக்குகளைக் கொடுத்துத் திருத்த வேண்டும்" என்று எழுதினால், அதற்குத் தனிக் கருவியே தேவையில்லை என்பது தெரியவரும். மூடுலில் உள்ள கணக்கீட்டு வினாவகை, ஒரே கணக்கை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்களுடன் அமைத்து, விடையையும் தானே சரிபார்க்கும். இவ்வாறு கையிலிருக்கும் வசதியைக் காட்டிக் கொடுப்பதாலேயே நிறைவுபெறும் கோரிக்கைகள் பல.

தேவையைக் கூறிய பின்னர், கோரிக்கை சில வினாக்களுக்கு விடை தருதல் வேண்டும். எத்தனை மாணவர் பயன்படுத்துவர்? மதிப்பெண்ணுக்கு உரியதா, பயிற்சிக்கு மட்டுமா? மாணவரின் எந்தெந்த விவரங்கள் வெளியே செல்லும்? அவை எங்கே, எத்தனை காலம் வைக்கப்படும்? சாதாரணக் கைப்பேசியிலும் குறைந்த இணைய வேகத்திலும் இயங்குமா? முதலாண்டு இலவசமெனில் இரண்டாமாண்டு என்ன விலை? மாணவர் மறுத்தால் அவருக்கு மாற்று வழி யாது? பயன்பாட்டை நிறுத்தும் நாளில் வினாக்களையும் மதிப்பெண்களையும் திரும்பப் பெற முடியுமா?

இறுதி வினா பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. ஒரு செருகுநிரலைத் தளத்திலிருந்து நீக்கினால் அதில் சேமிக்கப்பட்டிருந்த தரவுகளும் நீங்கிவிடும். பாடத்தின் காப்புப்படி வேறொரு சர்வருக்குச் சென்றாலும், அங்கே அச்செருகுநிரல் இல்லாவிடில் அதற்குரிய பகுதி மீளாது. ஆசிரியர் பல ஆண்டுகள் முயன்று சேர்த்த வினாவங்கி ஒரு நிறுவனத்தின் தனிவடிவத்தில் சிறைப்பட்டிருந்தால், விலை உயரும்போது கல்லூரி மறுத்துப் பேச இயலாத நிலையை அடைகிறது. நுழைவதற்கு முன்னரே வெளியேறும் வழியைப் பார்த்து வைப்பது, வீடு வாடகைக்கு எடுப்பவர்கூட அறிந்த முறை.

நிர்வாகத்தின் கடமை

கோரிக்கை எழுதுவோர்க்கு இலக்கணம் கூறுமிடத்து, அதனைப் பெறுவோர்க்கும் கடமை உண்டு. பல கல்லூரிகளில் தளம் முழுவதையும் ஒருவரோ இருவரோ கவனிக்கின்றனர். ஆய்வகக் கணிப்பொறிகள் பழுதானாலும், சேர்க்கைப் பணி வந்தாலும், தேர்வு முடிவுகள் வெளியானாலும் அவர்களே ஓடவேண்டும். அவர்களிடம் வாரந்தோறும் புதிய கருவிகளைக் கேட்டால் கிடப்பில் போடுவதே நிகழும். எனவே, கோரிக்கைகளைப் பெறுவதற்கு அரையாண்டுக்கு ஒரு காலவரையறை வைத்து, விடுமுறையில் சோதனை செய்து, அடுத்த அரையாண்டின் தொடக்கத்தில் நடைமுறைப்படுத்துவது சிறந்தது. சோதனை தனியான சோதனைத் தளத்தில் நடைபெற வேண்டும். தேர்வு வாரங்களில் தளத்தில் எந்த மாற்றமும் செய்யலாகாது.

ஆய்வு செய்யும் குழு சிறியதாக இருக்கலாம்: கணிப்பொறி மையப் பொறுப்பாளர், ஆசிரியர் ஒருவர், நூலகர், கணக்குப் பிரிவு அலுவலர், மாணவர் பிரதிநிதி. குழுவின் முடிவு ஏற்பு, ஓர் அரையாண்டுச் சோதனை, மறுப்பு ஆகிய மூன்றில் ஒன்றாகும். எதுவாயினும் காரணத்துடன் எழுத்தில் தரப்பட வேண்டும். மறுப்பாயின் மாற்று வழியும் குறிக்கப்பட வேண்டும். கட்டணம் செலுத்தும் கொள்முதலாயின், மத்திய அரசின் நிறுவனங்கள் 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படியும், மாநிலக் கல்லூரிகள் தத்தம் மாநில விதிகளின்படியும் நடத்தல் வேண்டும். இலவசம் என்று தொடங்கிப் பின்னர் கட்டணமாக மாறும் கருவிகள் அவ்விதிகளை ஓசையின்றிக் கடந்துவிடுகின்றன என்பதைக் கணக்குப் பிரிவு கவனித்தல் நலம்.

கற்பிக்கும் முறையைத் தேர்வது ஆசிரியரின் உரிமையன்றோ, அதற்கு ஏன் குழுவின் அனுமதி என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. எந்த எடுத்துக்காட்டைக் காட்டுவது, எந்த வரிசையில் கற்பிப்பது என்பவற்றில் ஆசிரியரே தலைவர். ஆனால் மதிப்பெண்ணுக்காக மாணவரை ஒரு மூன்றாம் தரப்பினரிடம் கணக்குத் தொடங்கச் செய்யும்போது, மறுக்க இயலாத நிலையில் உள்ள ஒருவரின் விவரங்கள் கைமாறுகின்றன. அங்கே ஆசிரியரின் உரிமையோடு மாணவரின் உரிமையும் எடைபோடப்பட வேண்டும். குழு அந்தத் தராசாக அமைய வேண்டுமேயன்றித் தடுப்புச் சுவராக மாறிவிடலாகாது.

ஒன்றுபட்டுச் செய்தல்

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22-இல் நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்களும் 45,473 கல்லூரிகளும் இருந்தன. மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 4.33 கோடி. ஒரே கருவியின் ஒப்பந்தத்தை ஆயிரக்கணக்கான கல்லூரிகள் தனித்தனியே படிப்பது வீண்செலவு. சிற்றூர்க் கல்லூரி ஒன்று பெருநிறுவனத்திடம், "மாணவர் பெயரை அனுப்ப மாட்டோம்" என்று கூறினால் அதற்குச் செவிசாய்ப்பார் இலர்.

கூட்டு முயற்சிக்கு நாட்டில் முன்மாதிரி உண்டு. 1991-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, காந்திநகரில் இயங்கிவரும் 'இன்ஃப்ளிப்நெட்' மையம், பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மின்னிதழ்களைக் கூட்டாகப் பெற்றுத் தந்துள்ளது. அம்மையம் நடத்தும் 'இன்ஃபெட்' ஏற்பாட்டில், மாணவர் தம் கல்லூரி வழங்கிய பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே, வெளியிலிருந்து பதிப்பகங்களின் இதழ்களைப் படிக்க இயலும்; பதிப்பகத்திடம் தனிக் கணக்குத் தேவையில்லை. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை ஒதுக்கி, முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிலையங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமாக 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறந்துவிட வகைசெய்தது.

இதழ்களுக்குச் செய்ததைக் கற்றல் கருவிகளுக்கும் செய்யலாம். இணைவு தரும் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும், ஆய்ந்து ஏற்ற கருவிகளின் பட்டியலையும், மறுத்தவற்றின் பட்டியலையும், காரணங்களுடன் வெளியிட்டால், அதன் கீழுள்ள கல்லூரிகளின் சுமை பெரிதும் குறையும். ஒரு கல்லூரி செய்த சோதனை மற்றொன்றுக்கு வழிகாட்டும். ஒப்பந்த வாசகத்தை ஒருமுறை செம்மையாக எழுதினால் அனைவரும் பயன்படுத்திக்கொள்வர். பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, ஓர் அரையாண்டின் பாடங்களில் நாற்பது விழுக்காடு வரை ஸ்வயம் வழியே பயிலக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். அதே ஆண்டில் கல்வி மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கும் கல்வி மதிப்பலகு வங்கியும் தொடங்கப்பட்டது. மதிப்பெண்கள் ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் காலம் இது. தரநிலைகளைப் பின்பற்றாத கருவிகளைத் தனித்தனியே சேர்த்துக்கொண்டு போகும் கல்லூரி, நாளை அவற்றைப் பிரித்தெடுக்க இருமடங்கு உழைக்க நேரிடும்.

மாணவரின் இடம்

பெரும்பாலான கல்லூரிகளில் மென்பொருள் இணைப்பைக் கோரும் உரிமை ஆசிரியருக்கே உரியதாகக் கருதப்படுகிறது. கருவியின் குறையை முதலில் உணர்பவர் மாணவரே. பேருந்தில் பயணம் செய்தபடி வினாடிவினாவை எழுதி, நடுவில் இணையம் துண்டிக்கப்பட்டு விடைகளை இழப்பவர் அவர். தாய்மொழியில் எழுதிய விடை கருவியில் கட்டங்கட்டமாகத் தோன்றுவதைக் காண்பவரும் அவரே. கோரிக்கைப் படிவத்தை மாணவருக்கும் திறந்துவிட்டால் கோரிக்கைகள் பெருகும் என்ற அச்சம் எழலாம். சில பெருகக்கூடும். ஆயினும் பத்துப் பேர் ஒரே குறையைக் கூறினால், அதனை அறிய வேறு கணக்கெடுப்புத் தேவையில்லை.

அலுவலர்கள் தம் மேசைக்கு வரும் அந்த ஒரு பக்கத் தாளைச் சிறு அலுவலகப் பணியாகக் கருதித் தள்ளிவைக்கலாகாது. எந்த மாணவரின் விவரம் எங்கே செல்கிறது, எவர் தேர்வெழுத இயலுகிறது, எவர் விடுபடுகிறார், பொதுப்பணம் எவ்வளவு ஆண்டுகளுக்கு எவரிடம் கட்டுண்டு நிற்கிறது என்பன அத்தாளில் முடிவாகின்றன. மாணவர்களும் ஆசிரியர்களும் தேவையைத் தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும். நிர்வாகம் குறித்த காலத்தில் காரணத்துடன் விடையளிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ வேண்டுவதில்லை. அடுத்த அரையாண்டு தொடங்குமுன் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு படிவத்தையும், ஒரு சிறு குழுவையும், விடையளிக்கும் ஒரு நாளையும் வரையறுத்து அறிவிப்புப் பலகையில் இடுமாயின், இப்பணி தொடங்கிவிட்டதாகக் கொள்ளலாம்.